சொல் விளக்கம்: ‘டார்க் டூரிசம்’ எனும் துயரிடப் பயணம்

படுகொலை, தூக்கு, வதைமுகாம், சிறைக்கொடுமை நடந்த இடங்களைப் பார்க்கப் போவதை ஆங்கிலத்தில் ‘டார்க் டூரிசம்’ என்கிறார்கள். தமிழில் இதை ‘இருள் சுற்றுலா’ என்று அப்படியே பெயர்த்துவிடுகிறோம். படிப்பவருக்கு ராத்திரியில் குகை பார்க்கக் கூட்டிப்போவதுபோலத்தான் தோன்றும். அங்கே செத்தவர்கள் அந்தப் பெயரில் இல்லவே இல்லை.

1996-இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜான் லெனான், மால்கம் ஃபோலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பாடகர் லெனான் வேறு, இவர் வேறு. அதே ஆண்டில் ஏ. வி. சீட்டன் என்பவர் ‘தானடூரிசம்’ என்றார். கிரேக்கத்தில் ‘தானடோஸ்’ என்றால் சாவு. ‘டூர்’ என்பதன் மூலமும் கிரேக்கம்தான். வட்டம் போடும் கருவிக்கான சொல், லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்து ‘சுற்றி வருதல்’ என்று ஆனது. ஆகவே ‘சுற்று’ சரி. ‘உலா’தான் உறுத்துகிறது.

உலா நம்மிடம் பழைய சொல். அரசனோ இறைவனோ வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களும் பார்த்து மயங்குவதைப் பாடும் சிற்றிலக்கிய வகைக்கும் அதுவே பெயர். அதில் எல்லார் கண்ணும் உலா வருகிறவர்மேல்தான் இருக்கும். தெரு வெறும் பின்னணி. கொலை நடந்த இடத்தில் சிரித்துக்கொண்டு எடுக்கும் தற்படத்திலும் இதுதான் நடக்கிறது. போனவர் நாயகர் ஆகிவிடுகிறார், இடம் பின்னணி ஆகிவிடுகிறது.

போலந்தின் ஆஷ்விட்ஸ் முகாமில் நாஜிகள் கொன்றவர்கள் சுமார் 11 லட்சம் பேர். 2019-இல் மட்டும் அங்கே 23 லட்சம் பேர் வந்து போனார்கள். கைதிகளை ஏற்றி வந்த தண்டவாளத்தின்மேல் கை விரித்து நடந்து படம் எடுக்காதீர்கள் என்று அந்த ஆண்டு அருங்காட்சியகமே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. இத்தனைக்கும் அங்கே படமெடுக்கத் தடை இல்லை. கொல்லப்பட்டவர்களின் தலைமுடி வைத்திருக்கும் அறை போன்ற ஓரிரண்டு இடங்களில்தான் கூடாது. இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. படம் எடுப்பதே தவறு என்று சொல்ல நமக்கும் வாய் இல்லை. இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிலும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நிற்க, ஸ்டூடியோக்காரரை வரவழைத்துப் படம் எடுத்து மாட்டிய வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. அந்தப் படத்தில் நடுவில் இருப்பவர் செத்தவர். அதனால் அது மரியாதை.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மரணச் சுற்றுலா’ என்றாலும் உலா போகவில்லை. ‘யாத்திரை’ என்றால் புண்ணியம் தேடிப் போவதாக ஆகிவிடும். துக்கம் விசாரிக்கப் போகிறவர் கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்வதில்லை. அந்தக் கூச்சம் சொல்லிலும் இருக்க வேண்டும். ‘துயரிடம்’ என்று இடத்துக்குப் பெயர் வைத்து, போவதைத் ‘துயரிடப் பயணம்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அங்கே போய்ச் செய்வதற்கு ‘நினைவேந்தல்’ ஏற்கெனவே இருக்கிறது. மே 18-இல் முள்ளிவாய்க்காலுக்காக ஈழத்தமிழர்கள் வழங்கும் சொல் அது. ‘ஏந்தல்’ என்பதில் கையில் தாங்கிப் பிடிக்கும் பொருள் இருப்பதால் ‘அஞ்சலி’யைவிடக் கனமானது.

சேலத்துக்காரர்களுக்கு இந்தச் சொற்கள் தேவைப்படுகின்றன. சங்ககிரிக் கோட்டையில் 1805-இல் தீரன் சின்னமலையைக் கம்பெனியார் தூக்கிலிட்டது ஆடி 18 அன்று என்பார்கள். இன்றும் ஆடிப்பெருக்கன்று அங்கே மாலை போட வருகிறார்கள். மற்ற நாளில் மலையேறும் பையன்களுக்கு மதில் படம் எடுக்க நல்ல இடம், அவ்வளவுதான். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. யாராவது சொல்லியிருந்தால்தானே தெரியும்?

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் மத்தியச் சிறையின் நிலைமை இதைவிட மோசம். 1950 பிப்ரவரி 11 அன்று, நாடு குடியரசாகி 16-ஆவது நாள், அரசியல் கைதிகளாக நடத்தும்படி போராடிய கம்யூனிஸ்ட் கைதிகள்மேல் காவலர்கள் சுட்டதில் 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் அன்று சென்னை மாகாணத்தில் இருந்த மலபார்க்காரர்கள். கட்சித் தோழர்கள் ஆண்டுதோறும் நினைவேந்துகிறார்கள், ஊர் மறந்துவிட்டது. இன்றும் கைதிகள் இருக்கும் சிறை என்பதால் நினைத்தபோது உள்ளே போகவோ படம் எடுக்கவோ முடியாது. ஆனாலும் அது துயரிடம்தான். அப்படிச் சொல்ல அனுமதிச்சீட்டு வேண்டாம்.

அந்த வழியாகத்தான் ஏற்காட்டுக்கு வண்டிகள் போகின்றன. ஏற்காடு கையேடுகளில் லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், கிளியூர் அருவி எல்லாம் வருகின்றன. இனி அச்சிடுகிறவர்கள் அவற்றுக்கு முன்னால் ஒரு வரி சேர்க்கட்டும்: ‘துயரிடம்: சேலம் மத்தியச் சிறை, 22 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்ட இடம், 11.2.1950.’