போஸ்டர் ஒட்டும் முன் எங்களிடம் வாருங்கள்

பல்கலைக்கழக ஆய்வுகளுக்குக் காப்புரிமை (பேடண்ட்) வாங்கி, அவை தொழிலாக மாற உதவுவது என் வேலை. சுற்றுச்சூழல் சார்ந்த ஆய்வுகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. அவற்றில் பல, வரும்போதே ஊரறிந்த விஷயமாகியிருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும்.

சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஒரு உறிஞ்சுபொருளோடு முனைவர் பட்ட மாணவி ஒருவர் வந்தார். விவசாயக் கழிவிலிருந்து செய்தது, செலவும் குறைவு, இதை வைத்து ஸ்டார்ட்அப் தொடங்கியே தீரவேண்டும் என்ற வேகம் அவரிடம் இருந்தது. எங்கேயாவது வெளியிட்டீர்களா என்று கேட்டேன். கட்டுரை இன்னும் அனுப்பவில்லை, நான்கு மாதம் முன்பு ஒரு கருத்தரங்கில் ஆய்வை விளக்கும் போஸ்டர் மட்டும் வைத்தேன் என்றார். செய்முறை, வெப்பநிலை, அளவு எல்லாமே அந்தப் போஸ்டரில் இருந்தன.

ஐரோப்பியக் காப்புரிமைக்கு அந்த இடத்திலேயே கதவு மூடிவிட்டது. விண்ணப்பத் தேதிக்கு முன் கண்டுபிடித்தவரே பொதுவில் சொன்னாலும் காப்புரிமைக்கு வேண்டிய புதுமை அங்கே போய்விடும், விதிவிலக்குகள் மிகச் சொற்பம். அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு, மற்ற நாடுகளில் ஒவ்வொரு விதமாக இருக்கும். நூலகத்தில் வைத்த ஆய்வேடு, இதழில் வருமுன்பே இணையத்தில் ஏற்றிய கட்டுரை முன்வரைவு, யூடியூபில் கிடக்கும் பேச்சு எல்லாம் வெளியீடுதான். கட்டுரையே எழுதாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. முதலில் விண்ணப்பத்தைப் போடுங்கள், மறுநாளே கட்டுரையை அனுப்புங்கள். தற்காலிக விண்ணப்பம் ஏற்கும் நாடுகளில் அதைப் போட்டுவிட்டு முழு விண்ணப்பத்தை 12 மாதத்துக்குள் தயார் செய்யலாம்.

சரி, அடுத்து அவரிடம் கேட்டது: எந்தத் தண்ணீரில் சோதித்தீர்கள்? காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கரைத்து என்றார். இந்தப் பதிலை எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். மெத்திலீன் நீலம் நேர்மின்னூட்டம் கொண்டது, பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களோ எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஒன்றை இழுத்துப் பிடிக்கும் பொருள் இன்னொன்றைத் தொடாமலே விட்டுவிடலாம். ஆலையிலிருந்து வரும் நீரில் உப்பு ஏராளம், சோப்பு இருக்கும், பல சாயங்கள் கலந்திருக்கும், பி.எச். (அமில, கார அளவு) நேரத்துக்கு நேரம் மாறும். உறிஞ்சி முடித்த பொருளை மறுபடி பயன்படுத்த முடியுமா, எத்தனை முறை, கடைசியில் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? தண்ணீரில் இருந்த நஞ்சைத் திடக்கழிவாக மாற்றி வைத்துவிட்டு சுற்றுச்சூழலைக் காக்கும் நிலைத்தன்மை என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆலை நடத்துபவரின் கவலை வேறு. வெளியேற்றும் நீர் சட்ட வரம்புக்குள் வருமா, இப்போது இருக்கும் தொட்டியிலேயே போட முடியுமா, ஒரு கனமீட்டருக்கு என்ன செலவு, இதைத்தான் அவர் கேட்பார்.

இந்தத் துறையில் வருடக்கணக்காகப் பொறுமை வேண்டும், அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. சூரிச் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்திலிருந்து 2009-இல் பிறந்த கிளைம்வொர்க்ஸ் நிறுவனம், காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் தன் முதல் வணிக ஆலையை 2017-இல்தான் திறந்தது. பெராவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளை வைத்துச் சூரியத் தகடு செய்யும் ஆக்ஸ்ஃபோர்டு பி.வி. நிறுவனம் 2010-இல் தொடங்கியது, முதல் வணிக விற்பனை 2024-இல். செயலி ஒன்றை எழுதுவதுபோல ஆறு மாதத்தில் முடியாது, முதலீடு தேடும்போதும் அந்தக் காலக்கணக்கைப் புரிந்துகொள்பவர்களைத்தான் தேடவேண்டும்.

கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பதையும் முதல் வாரத்திலேயே விசாரித்துவிடுங்கள். பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குத்தான் உரிமை இருக்கும், நிதி கொடுத்தவருக்கும் பங்கு இருக்கலாம், உங்கள் நிறுவனம் உரிமம் வாங்கித்தான் அதைப் பயன்படுத்த முடியும். வழிகாட்டிப் பேராசிரியர், கூட வேலை செய்த சக மாணவர், எல்லாரோடும் பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல உறவு இருக்கும்போது பேசுவது சுலபம்.

அந்த மாணவி சோர்ந்துபோவார் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு ஆலையிலிருந்து 20 லிட்டர் கழிவுநீரைக் கேனில் வாங்கி வந்து சோதித்திருந்தார். சாயம் கொஞ்சம்தான் குறைந்தது. பொருளின் மேற்பரப்பை மாற்றி மறுபடி செய்து பார்த்ததில் முன்னைவிட நன்றாக வேலை செய்தது, அந்த மாற்றம் எந்தப் போஸ்டரிலும் இல்லாத புதிது. இந்த முறை வேறு யாரிடமும் சொல்லாமல் நேராக எங்களிடம் வந்தார், விண்ணப்பத்தை அந்த வாரமே எழுத ஆரம்பித்தோம்.