ஸ்டென்டுக்குள் வளரும் தழும்பு

அடைத்த இதயத் தமனியை விரித்து வைக்கும் கம்பிவலைக் குழாயான ஸ்டென்டை வைத்து ஆறேழு மாதம் ஆகியிருக்கும். மாடிப்படி ஏறும்போது அதே நெஞ்சு இறுக்கம் திரும்ப வருகிறது. 'பத்தியம் தவறிவிட்டேனோ' என்று நோயாளி தன்னையே நொந்துகொள்கிறார். அந்தக் குற்றவுணர்வு வேண்டாம். இவ்வளவு சீக்கிரம் வரும் அடைப்பில் பெரும்பாலும் இருப்பது புதிய கொழுப்பு அன்று. காயத்தை ஆற்றப்போய் உடல் அளவு மீறி வளர்த்துவிட்ட தழும்பு.

1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்ஸிக் முதன்முதலாக இதயத் தமனியைப் பலூனால் விரித்த காலந்தொட்டே இந்தச் சிக்கல் உண்டு. பலூன் விரியும்போது தமனியின் உட்சுவர் சற்றே கிழிகிறது. நடு அடுக்கிலுள்ள தசைச் செல்கள் அந்தக் காயத்தை மூட உள்நோக்கி நகர்ந்து பெருகுகின்றன. 1986இல் வந்த ஸ்டென்ட், குழாய் மறுபடி சுருங்காமல் முட்டுக்கொடுத்தது. தழும்போ கம்பிவலையின் இடுக்குகள் வழியே வளர்ந்தது. ஈஸ்டர் தீவு மண்ணின் நுண்ணுயிரி தந்த சிரோலிமஸ் போன்ற மருந்துகளை ஸ்டென்டில் பூசிய பிறகே அது பெருமளவு அடங்கியது. முழுவதும் ஒழியவில்லை.

மீண்டும் அடைத்தால் பலருக்கு நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. மணிக்கட்டுத் தமனி வழியாகச் சுமார் இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள கதீட்டர் என்ற மெல்லிய குழாயும், அதனுள்ளே 0.36 மில்லிமீட்டர் கம்பியும் இதயம்வரை போகின்றன. அடுத்த படியைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: அல்ட்ராசவுண்ட் அல்லது ஒளிக்கதிர் கொண்டு குழாய்க்குள்ளிருந்தே பார்ப்பது. பழைய ஸ்டென்ட் சரியாக விரியாமல் நின்றிருந்தால் அதை உயர் அழுத்தப் பலூனால் விரிக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் எந்த மருந்தைப் பூசினாலும் அடைப்பு திரும்பும்.

தழும்புதான் காரணம் என்றால், சிறு கத்திகள் பதித்த பலூனால் அதைக் கீறித் தளர்த்துவதுண்டு. பிறகு, செல்கள் பெருகுவதைத் தடுக்கும் பாக்லிடாக்சல் மருந்து பூசிய பலூன் உள்ளே போகிறது. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை அது விரிந்து நிற்கும். அவ்வளவு நேரமும் அந்தக் குழாயில் இரத்தம் ஓடாது; விழித்திருக்கும் நோயாளிக்கு நெஞ்சு அழுத்தும், மருத்துவரின் கண் இசிஜி திரையை விட்டு அகலாது. பலூன் சுருங்கி வெளியே வந்ததும் தமனிச் சுவரில் மிஞ்சுவது மருந்து மட்டும். வலைக்குள் இன்னொரு வலை அடுக்கிக் குழாயைக் குறுக்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. ஜெர்மனியில் நடந்த ஆய்வு 2006இலேயே இதன் பலனைக் காட்டியது. அமெரிக்கா இதயத் தமனிக்கு இதை அனுமதித்தது 2024இல்தான்.

ஏற்கெனவே இரண்டு மூன்று ஸ்டென்ட் அடுக்கு இருப்பவர்களுக்கும், பல குழாய்கள் அடைத்த சர்க்கரை நோயாளிகளுக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சையே நல்லதாக இருக்கக்கூடும்.

நெஞ்சு இறுக்கம் திரும்பினால் தாமதிக்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது, ஸ்டென்ட் வைத்தபோது தந்த அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதிலுள்ள விட்டமும் நீளமும், எந்த அளவுப் பலூன் வேண்டும் என்று முடிவுசெய்ய மருத்துவருக்கு உதவும்.