அழுகலில் விளையும் தேறல்: ஷத்தோ திக்கெம் ஒயின் உருவாகும் விதம்

திராட்சை பயிரிடுவோர் அஞ்சும் நோய்களில் ஒன்று போட்ரைட்டிஸ் சினேரியா என்ற பூஞ்சை. மழை விடாமல் தூறும் வாரத்தில் குலைக்குள் சாம்பல் நிறப் பஞ்சுபோலப் படர்ந்து, சில நாட்களில் விளைச்சலைக் குப்பையாக்கிவிடும். தக்காளி, ஸ்ட்ராபெர்ரி, ரோஜா என எதையும் அது விட்டுவைப்பதில்லை. இதே பூஞ்சை வராதா என்று ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் காத்திருக்கும் பண்ணை ஒன்று தென்மேற்கு பிரான்சில் இருக்கிறது. பொர்தோ நகருக்குத் தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், சோத்தேர்ன் வட்டாரத்தில் உள்ள, இனிப்பு ஒயின் தயாரிக்கும் ஷத்தோ திக்கெம்தான் அது. 1593இல் சோவாஜ் குடும்பத்தின் கைக்கு வந்தது. 1785இல் நடந்த ஒரு திருமணத்தால் லூர்-சலூஸ் குடும்பத்துக்குப் போனது. 1999 முதல் எல்.வி.எம்.எச். என்ற ஆடம்பரப் பொருள் குழுமத்திடம் இருக்கிறது. 1855இல் பொர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது, சோத்தேர்ன் ஒயின்களில் இது ஒன்றுக்கு மட்டும் முதல் தரத்துக்கும் மேலான தனி இடம் கொடுத்தார்கள்.

நோய் வரமாவதற்கு முதல் காரணம் இரண்டு ஆறுகள். காட்டு நிழலில் குளிர்ந்து ஓடிவரும் சிரோன், அதைவிட வெதுவெதுப்பான கரோனில் வந்து கலக்கிறது. செப்டம்பர், அக்டோபர் இரவுகளில் அங்கே மூடுபனி எழுந்து கொடிகளின் மேல் படிகிறது. பூஞ்சையின் வித்துகள் முளைக்க அந்த ஈரம் போதும். நண்பகலுக்குள் வெயிலும் காற்றும் வந்து பழத்தைக் காய வைத்துவிட வேண்டும். காலையில் ஈரம், மாலையில் உலர்ச்சி என்று மாறி மாறி வந்தால் அது ‘உன்னத அழுகல்’. பகலிலும் ஈரம் நின்றுவிட்டால், அதே பூஞ்சை சாம்பல் அழுகலாக மாறிவிடும்.

முளைத்த பூஞ்சை தன் நொதிகளால் பழத்தோலை இறுக்கிப் பிடிக்கும் பெக்டினைக் கரைத்துத் தோலைச் சல்லடையாக்குகிறது. தோல் கிழிவதில்லை, ஆனால் தண்ணீரை அடைத்து வைக்கும் வலு அதற்குப் போய்விடுகிறது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் பழம் பாதியாகச் சுருங்குகிறது. பொன்னிறம் முதலில் ஊதா கலந்த பழுப்பாகிறது. அந்த நிலையில் பழம் இன்னும் உருண்டையாகவே இருக்கும். பறிக்கும் நேரம் அதுவல்ல. இன்னும் சில நாட்கள் காய்ந்து, திராட்சை வற்றல்போலச் சுருங்கிய பிறகே கத்தரிக்கோல் வைக்க வேண்டும்.

இது வெறும் வற்றல் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வெயிலில் காய்ந்த பழத்தில் சர்க்கரையும் அமிலமும் ஒன்றுபோல அடர்த்தியாகும். இங்கே பூஞ்சை தன் பசிக்குச் சர்க்கரையில் ஒரு பங்கையும், டார்டாரிக் அமிலத்தில் பெரும் பங்கையும் தின்றுவிடுகிறது. பதிலுக்குக் கிளிசராலையும் குளுக்கோனிக் அமிலத்தையும் விட்டுச் செல்கிறது. நாவில் வழுவழுப்பாகத் தங்கும் ஒயினின் கனத்தில் கிளிசராலுக்கும் பங்குண்டு.

தோட்டத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு செமியோன் என்ற திராட்சை. மீதி சோவிஞோன் பிளாங்க். செமியோனின் தோல் மெல்லியது என்பதால் பூஞ்சைக்கு எளிதில் இடம் கொடுக்கும். ஒரே குலையில் ஒரு பழம் வற்றியிருக்கும், பக்கத்துப் பழம் பச்சையாகவே இருக்கும். அதனால் பறிப்பவர்கள் அதே வரிசைக்கு ஐந்து, ஆறு முறை திரும்பத் திரும்பப் போகிறார்கள். ஆண்டைப் பொறுத்து இந்த எண்ணிக்கை கூடும், குறையும். பனிநீர் காய்ந்த பிறகே வேலை தொடங்கும். பழத்தில் ஒட்டிய ஈரம் சாற்றில் இறங்கினால், பூஞ்சை வாரக்கணக்கில் வெளியேற்றிய தண்ணீரை நாமே திரும்ப ஊற்றியது போலாகும். இவ்வளவும் கழிந்து ஒரு ஹெக்டேருக்குக் கிடைப்பது சராசரியாக 900 லிட்டர்தான். பொர்தோவின் சாதாரண தோட்டங்களில் 4,000 லிட்டருக்கு மேல் எடுப்பது வழக்கம். ஒரு கொடிக்கு ஒரு கோப்பை என்று திக்கெமில் சொல்வது மிகையல்ல.

பிழிவதிலும் வழக்கம் தலைகீழாகிறது. மற்ற ஒயின்களுக்கு முதல் பிழிசாறே உயர்ந்தது. இங்கே நன்றாக வற்றிய பழங்கள் கடைசியில்தான் சாற்றை விடுகின்றன; எனவே பின்னால் வரும் பிழிசாறே இனிப்பு மிக்கது. ஆனாலும் அவசரப்பட்டு அழுத்தக் கூடாது. பூஞ்சை பழத்துக்குள் குளுக்கன் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை விட்டிருக்கும். பழத்தை முரட்டுத்தனமாக நசுக்கினால் அவை சாற்றில் கலந்து, பின்னால் ஒயின் தெளியாமல் வடிகட்டிகளை அடைத்துக்கொள்ளும்.

நொதிக்க வைப்பதற்குமுன் ஒரு கணக்குப் போடுகிறார்கள். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய 1 சதவீத ஆல்கஹால். சாற்றில் லிட்டருக்கு 370 கிராம் சர்க்கரை இருந்து, நொதித்தல் 14 சதவீதத்தில் நின்றால், 238 கிராம் செலவாகி 132 கிராம் மிஞ்சும். ஒயினின் சமநிலை இந்த இரண்டு எண்களில் இருக்கிறது. பழத்தை அளவுக்கு மீறி வற்றவிட்டு 450 கிராமுக்குக் கொண்டுபோனால் ஈஸ்ட் திணறும். 10, 11 சதவீதத்திலேயே நின்று திகட்டும் பாகாகிவிடும். சர்க்கரை குறைந்தாலோ ஆல்கஹாலின் காரம் மட்டும் தூக்கலாக நிற்கும்.

ஈஸ்ட்டின் பாடு உண்மையிலேயே கடினம். இவ்வளவு சர்க்கரைக்கு நடுவில் அதன் செல்லிலிருந்து தண்ணீர் வெளியே இழுபடுகிறது. அதைத் தடுக்க ஈஸ்ட் தனக்குள் கிளிசரால் தயாரித்துக்கொள்கிறது. அந்த வேதிவினையை ஈடுகட்டும்போது அசிட்டிக் அமிலம் துணைப்பொருளாக வருகிறது. இவ்வகை ஒயின்களில், இனிப்பில்லாத ‘உலர்’ ஒயின்களைவிட வினிகரின் சாயல் சற்றுக் கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு காரணம். போதாக்குறைக்கு, ஈஸ்ட்டுக்கு வேண்டிய தயமின் என்ற வைட்டமினையும் நைட்ரஜனையும் பூஞ்சை முன்னரே தின்று தீர்த்திருக்கும். அவற்றைச் சிறிதளவு சேர்க்காவிட்டால் நொதித்தல் பாதி வழியில் முடங்கக்கூடும்.

225 லிட்டர் கொள்ளும் புதிய ஓக் பீப்பாய்களில் வாரக்கணக்கில் நடக்கும் இந்த நொதித்தலை, வேண்டிய இடத்தில் கந்தக டை ஆக்சைடு சேர்த்து நிறுத்துகிறார்கள். சேர்த்ததில் பெரும்பகுதியை, அழுகலால் வந்த சேர்மங்கள் பிடித்துக்கொள்ளும். மீதமாய்த் தனித்து நிற்பது மட்டுமே ஒயினைக் காக்கும். அதனால்தான் ஐரோப்பிய விதிகள் உலர் வெள்ளை ஒயினுக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என வரம்பு வைத்துவிட்டு, சோத்தேர்னுக்கு 400 வரை அனுமதிக்கின்றன. பீப்பாயில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போது ஆவியாகும் அளவை அடிக்கடி நிரப்பிவர வேண்டும். பூஞ்சை விட்டுச் சென்ற லக்கேஸ் நொதி காற்றுப் பட்டால் நிறத்தையும் மணத்தையும் கெடுத்துவிடும்.

அத்தனை பீப்பாய்களையும் சுவைத்துப் பார்த்துவிட்டு, ‘இந்த ஆண்டு வேண்டாம்’ என்று சொல்லும் துணிவும் இப்பண்ணைக்கு உண்டு. 1964, 1972, 1974, 1992, 2012 ஆகிய அறுவடைகளில் திக்கெம் என்ற பெயரில் ஒரு புட்டிகூட வெளிவரவில்லை. விலை உயர்ந்திருப்பதற்குப் பெயரும் புகழும் மட்டும் காரணமல்ல என்று நினைக்கத் தோன்றுவது இந்த ஆண்டுகளைப் பார்த்துத்தான்.

நல்ல ஆண்டின் புட்டி பல பத்தாண்டுகள் தாங்கும். பொன்னிறம் மெல்லக் கருந்தேன் நிறத்துக்கு இறங்கும். அதன் மணத்துக்குப் பங்களிக்கும் சேர்மங்களில் ஒன்று சோட்டோலான். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு சிட்டிகை வெந்தயத்தை வறுத்தால் எழுகிறதே, அந்த மணமும் இதே மூலக்கூறுதான்.