பட்ஜெட்டும் பாதீடும்

பட்ஜெட் என்ற சொல்லின் முதற்பொருள் தோல் பை. லத்தீனில் பையைக் குறித்த புல்கா என்னும் சொல் பழைய பிரெஞ்சில் புழெத் என்ற சிறுபையாகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. அரசின் கணக்கை அது குறிக்கத் தொடங்கியதற்கு ஒரு கேலி துணைசெய்தது. 1733இல் பிரிட்டனில் பிரதமர் ராபர்ட் வால்போல், நிலவரியின் சுமையைக் குறைப்பதற்காக மது, புகையிலை ஆகியவற்றின் மீது ஆயத்தீர்வை விதிக்க முயன்றபோது, மருந்துப் பையை அவிழ்க்கும் போலி வைத்தியராக அவரைச் சித்திரித்து, பட்ஜெட் திறக்கப்பட்டது என்ற தலைப்பில் ஒரு துண்டு நூல் வெளிவந்தது. எதிர்ப்பு வலுத்ததால் திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் அதுவே பெரும் பேச்சாயிற்று. யாருடைய வரியைக் குறைத்து யார் தலையில் ஏற்றுவது என்ற கேள்வி அன்றே வாக்காளர் முன் வந்துவிட்டது. 2019 ஜூலையில் நிர்மலா சீதாராமன் தோல் பெட்டியை விட்டுச் சிவப்புத் துணி உறையில் ஆவணங்களைக் கொண்டுவந்தபோது பழைய பை போனதே தவிர, பெயர் போகவில்லை.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் வழங்குகின்றன. இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் 112, 202 ஆகிய உறுப்புகளில் பட்ஜெட் என்ற சொல் இல்லை. ஆண்டு நிதிநிலை அறிக்கை என்றே பொருள்படும் தொடர் உள்ளது. அவையில் வைக்கப்படும் ஆவணத்துக்கு அதுவே பொருத்தம். வரவு செலவுத் திட்டம் என்பது தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பழகிய தொடர். மூன்றாவதான பாதீடு இலங்கைத் தமிழ் ஏடுகளில் அன்றாடச் சொல். உள்ளூராட்சி சபையில் பாதீடு தோற்றது என்று அங்கே சாதாரணமாக எழுதுகிறார்கள்.

பாத்தல் என்றால் பகுத்தல். பகிர்ந்துண்பதைப் பாத்தூண் என்கிறது குறள். தொல்காப்பியம், மாடு கவரும் போரைச் சொல்லும் வெட்சித்திணையில் பாதீட்டை ஒரு துறையாகச் சொல்கிறது: பகைவர் நாட்டிலிருந்து கவர்ந்து வந்த ஆநிரையை வீரர்கள் தமக்குள் பங்கிடுவது அது. பிற்கால இலக்கண நூலான புறப்பொருள் வெண்பாமாலையில் வாள் எடுத்துப் போரிட்டவனுக்கும், ஒற்றறிந்து வந்தவனுக்கும், நிமித்தம் பார்த்துச் சொன்னவனுக்கும்கூட அவரவர் வினைக்கேற்பப் பங்கு கிடைக்கிறது. நிமித்தக்காரனுக்கும் பங்குண்டு என்பதைப் படிக்கும்போது இக்காலத் தேர்தல் வியூக வல்லுநர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

அழகான சொல்தான், ஆனால் வாக்களிக்கப் போகிறவருக்கு அது பாதியைத்தான் சொல்கிறது என்பேன். வெட்சி வீரன் பங்கிட்டது ஊரான் வீட்டு மாடு. அரசு பங்கிடுவதோ நம் தொழுவத்து மாடு. தேர்தல் அறிக்கைகள் பெரும்பாலும் பாதீட்டின் மொழியில் பேசுகின்றன. மாடு எங்கிருந்து வருகிறது என்பது அவற்றில் அரிதாகவே இருக்கும்.

2021இல் தமிழ்நாட்டில் நடந்ததைப் பார்க்கலாம். மே மாதம் நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதற்கென ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் மதிப்பிடப்பட்டது. ஆகஸ்டில் பெட்ரோல் மீதான மாநில வரி லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. அதனால் ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அறிவித்தார்கள். ஒன்று செலவுப் பத்தியில் ஏறுகிறது, மற்றொன்று வரவுப் பத்தியில் இறங்குகிறது. கருவூலத்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. வீட்டுக்கு அப்படியில்லை. நாளுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல் போடுபவருக்கு மாதம் 90 ரூபாய் மிச்சம்; போகவர 20 ரூபாய் பயணச்சீட்டு எடுத்து மாதம் 25 நாள் வேலைக்குப் போன பெண்ணுக்கு 500 ரூபாய் மிச்சம். எதை விரும்புவது என்பது அவரவர் முடிவு. ஆனால் முன்னதை வரிச்சலுகை என்றும் பின்னதை இலவசம் என்றும் பிரித்துப் பெயரிடும் பழக்கம் அந்த முடிவை முன்கூட்டியே சாய்த்துவிடுகிறது.

ஆகவே சட்டமன்ற ஆவணத்துக்கு நிதிநிலை அறிக்கை என்றும், ஒதுக்கீட்டை மட்டும் பேசுமிடத்தில் பாதீடு என்றும் எழுதலாம். வாக்காளர் நோக்கில் எழுதும்போது வரவு செலவுத் திட்டம் என்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்; அதில் செலவுக்கு முன்னால் வரவு நிற்கிறது.