வைட்டமினைத் தேடும் கட்டிகள்: மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்

ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமினோடு ஒரு கதிரியக்க அணுவைப் பிணைத்து ஊசியாகப் போட்டால், சில புற்றுநோய்க் கட்டிகள் ஸ்கேனில் ஒளிரும். இதைப் படித்துவிட்டு, "அப்போ வைட்டமின் மாத்திரை கட்டிக்குத் தீனி போடுதா?" என்று கேட்பவர்கள் நிறைய. சிலர் யாரையும் கேட்காமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கதிரியக்க மருந்து தயாரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு அதுதான் கவலை.

நம் செல்கள் பெரும்பாலும் ஃபோலேட்டை (ஃபோலிக் அமில வகை வைட்டமினை) வேறொரு வழியாக எடுத்துக்கொள்கின்றன. ஃபோலேட் ஏற்பி ஆல்ஃபா என்ற புரதம் ஆரோக்கியமான உறுப்புகளில் சில இடங்களில் மட்டுமே இருக்கிறது. கருப்பைப் புற்று, நுரையீரல் புற்று சிலவற்றிலும், சினைப்பைப் புற்றுகளில் பெரும்பாலானவற்றிலும் அது ஏராளம். ஃபோலிக் அமிலத்தை அது விடாமல் பற்றி, கூடவே ஒட்டியிருக்கும் அணுவையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஸ்கேன் காட்டுவது அந்த ஏற்பியைத்தான். ஏற்பி இல்லாத புற்று இருந்தாலும் படத்தில் தெரியாது.

தயாரிப்பில் பெரிய பாடு பிணைப்புதான். ஸ்கேனுக்கான கதிரியக்க அணுவான டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடும். அதனால் காலையில் அதை உண்டாக்கித் தரும் ஜெனரேட்டர் என்ற கருவியிலிருந்து கறந்து, ஈயக் கவசத்துக்குள் வைட்டமினோடு சேர்த்து, ஒரு சொட்டை மெல்லிய பட்டையில் வைத்துச் சோதிப்போம். ஒட்டாத டெக்னீசியம் பட்டையில் தனியாக ஓடி நிற்கும். அது அதிகமிருந்தால் அந்தக் குப்பி யாருக்கும் போகாது; போட்டால் தைராய்டும் இரைப்பையும் ஒளிர்ந்து படத்தைக் கெடுத்துவிடும்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் சிறுநீரகம் இருக்கிறது. சிறுநீரில் வீணாகப் போகும் ஃபோலேட்டை மீட்பதற்காக அதன் நுண்குழாய்களிலும் இதே ஏற்பி உண்டு. ஆகவே படத்தில் பெரும்பாலும் மிகப் பளிச்சென்று தெரிவது சிறுநீரகங்கள்தான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது இயல்பு. ஆனால் லூட்டீசியம்-177 போன்ற கதிரியக்க அணுவைப் பிணைத்துச் சிகிச்சையே கொடுக்க நினைத்தால், கதிர் அங்கேயும் சேர்வதால் அதே சிறுநீரகம் பெரிய தடையாகிவிடுகிறது. ரத்தத்தின் ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டும் துணுக்கைச் சேர்த்து, மருந்தை அதிக நேரம் ரத்தத்தில் ஓடவிட்டுக் கட்டிக்குக் கூடுதலாகக் கொண்டுசேர்க்கும் முயற்சி நடக்கிறது. எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் பாதை அது.

பி12 வைட்டமினையும் இப்படி முயன்றிருக்கிறார்கள். அதில் கல்லீரலும் சிறுநீரகமும் நிறையவே எடுத்துக்கொள்கின்றன.

டெக்னீசியம் சேர்த்த எட்டார்ஃபோலடைடு என்ற ஃபோலேட் ஸ்கேன் மருந்து, வின்டாஃபோலைடு என்ற புற்று மருந்துக்குப் பொருத்தமான நோயாளிகளைக் கண்டறிய உருவானது. 2014இல் அந்த மருந்தின் சினைப்பைப் புற்று ஆய்வு நிறுத்தப்பட்டதும் இதுவும் தேங்கிப்போனது. இதே ஏற்பியை நாடும், கதிரியக்கம் இல்லாத பாஃபோலாசியனின் என்ற ஒளிர்சாயத்துக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சினைப்பைப் புற்று அறுவையில் கட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க அது உதவுகிறது. அதைப் போடுவதற்கு முந்தைய 48 மணி நேரம் ஃபோலிக் அமில மாத்திரையைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். மாத்திரையிலிருந்து வரும் வைட்டமின் ஏற்பிகளைப் பிடித்துக்கொண்டால் சாயத்துக்கு இடமிருக்காது, அவ்வளவுதான். கட்டி வளர்ந்துவிடும் என்பதற்காக அல்ல.

ஆகவே ஸ்கேனுக்கோ அறுவைக்கோ வரும்போது மல்டிவைட்டமின், சத்துமாவு, டானிக் உட்பட எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை அவர் சொல்லட்டும். குறிப்பாக நுரையீரல் புற்றுக்குப் பெமெட்ரெக்ஸெட் என்ற கீமோ மருந்தை ஏற்றிக்கொள்பவர்கள் கவனியுங்கள்: ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் உங்கள் சிகிச்சையின் பகுதி. அவற்றை விட்டால் வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, ரத்த அணுக்கள் சரிவது எல்லாம் கடுமையாகலாம். பெமெட்ரெக்ஸெட்டின் கடைசி டோஸுக்குப் பிறகும் 21 நாள் அந்த மாத்திரை தொடர வேண்டும்.