நோய்க்காவி: சொல் விளக்கம்

மழை தொடங்கிவிட்டால் மும்பையில் தாராவி, அன்டாப் ஹில், செம்பூர்ப் பக்கம் தமிழிலும் மலேரியா துண்டறிக்கைகள் வரும். நல்ல காரியம்தான். ஆனால் அவற்றில் ‘திசையன் மூலம் பரவும் நோய்கள்’ என்ற தலைப்பு திரும்பத் திரும்ப அச்சாவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மலேரியாவுக்கும் திசைக்கும் என்ன சம்பந்தம்? காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக அதை வாங்கிப் படிக்கும் அம்மாவுக்கு என்ன விளங்கும்?

ஆங்கில மூலச்சொல் வெக்டர். மருத்துவத்தில் அதற்குத் தமிழில் எது பொருந்தும் என்பதே இங்கே பேச்சு. இலத்தீனில் ‘வெஹெரே’ என்றால் சுமந்து செல்லுதல். வெக்டர் என்றால் சுமந்து செல்பவர். வாகனத்தைக் குறிக்கும் ‘வெஹிக்கிள்’ என்பதற்கும் அதே வேர்தான். கணிதத்தில் வெக்டருக்கு அளவோடு திசையும் உண்டு என்பதால் திசையன் என்றார்கள். கணக்குப் பாடத்துக்கு அருமையான சொல். மருத்துவத்தில் வெக்டர் என்பது வேறு: ஓர் உடலிலிருந்து நோய்க்கிருமியை எடுத்து இன்னோர் உடலில் சேர்க்கும் கொசு, உண்ணி போன்ற உயிர். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டதன் விளைவு அந்தத் தலைப்பு.

திசையன் வெறும் கவனக்குறைவு. எடுத்துச் சொன்னால் திருத்திவிடுவார்கள். எனக்குப் பெரிய மனத்தாங்கல் ‘நோய்பரப்பி’ என்ற சொல்லோடுதான். படித்தவர்களே அதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். எளிமையாக இருக்கிறது, பாமரருக்கும் புரிகிறது என்கிறார்கள். புரிகிறது, சரி. என்ன புரிகிறது என்பதுதான் கேள்வி. நோய் கொசுவிடமே இருக்கிறது, கொசு அதைக் கொண்டுவந்து நம்மிடம் பரப்புகிறது என்று புரிகிறது. மலேரியா நடப்பது அப்படி அல்லவே.

முட்டையிலிருந்து வரும் கொசுவிடம் மலேரியா கிடையாது. தாய்க்கொசுவிடம் இருந்தாலும் குஞ்சுக்கு வராது. மலேரியாவைச் சுமக்கும் அனாஃபிலிஸ் வகைப் பெண்கொசு, கிருமி உள்ள ஒரு மனிதரின் இரத்தத்தைக் குடிக்க வேண்டும். அந்த இரத்தத்தில் கிருமியின் ஆண், பெண் வடிவங்கள் இருக்க வேண்டும். அவை கொசுவின் வயிற்றில் கூடி, வயிற்றுச் சுவரில் சிறு கட்டிகளாக வளர்ந்து, வெடித்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர ஏறக்குறைய 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குள் பல கொசுக்கள் செத்தே போகும். தப்பிப் பிழைத்தது அடுத்தவரைக் கடித்தால்தான் கிருமி அவருடைய கல்லீரலுக்குப் போய், பிறகு சிவப்பணுக்களில் புகுந்து, குளிரும் காய்ச்சலுமாக வெளியே தெரியும். ஆக, கொசுவுக்கு நோயைக் கொடுப்பது மனிதர். இந்தக் கொசு பொதுவாக ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே சுற்றுவது. ஒரே சாலில் (வரிசைக் குடியிருப்பில்), ஒரே சந்தில், ஆளிடமிருந்து கொசுவுக்கும் கொசுவிடமிருந்து ஆளுக்குமாகக் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

ஆங்கிலேய மருத்துவர் ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் கண்டதும் இதைத்தான். மலேரியா நோயாளியின் இரத்தத்தைக் குடித்த கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமியைப் பார்த்தார். உமிழ்நீர்ச் சுரப்பி வழியாக அது அடுத்த உயிருக்குப் போவதை, பறவைகளை வைத்து, மறு ஆண்டு கல்கத்தாவில் காட்டினார். மனிதரிடமிருந்து கொசுவுக்குப் போகும் பாதிதான் முதலில் தெரியவந்தது. ‘பரப்பி’ என்ற சொல்லில் விழுந்துபோவதும் அந்தப் பாதிதான்.

இது ஏட்டுச் சண்டை அல்ல. தாராவியில் ஒரு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். மலேரியா வந்தவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். தொட்டால் ஒட்டும் என்ற பயம். அப்படி ஒட்டுகிற நோயே அல்ல இது. கொசுவலை மூலையில் தூங்கும் குழந்தைக்குக் கட்டியிருக்கும். காய்ச்சல்காரர் ஜன்னலோரம் சட்டையில்லாமல் படுத்திருப்பார். குழந்தைக்கு வலை வேண்டும்தான். ஆனால் அவசியம் அவருக்கும் வேண்டும். அவரைக் கடிக்கும் கொசுதான் இன்னும் இரண்டு வாரத்தில் பக்கத்து வீட்டுக்கு நோயைக் கொண்டுபோகும். மலேரியாவில் வைவாக்ஸ் என்ற வகைக்குக் குளோரோகுயின் 3 நாள், பிரைமாகுயின் 14 நாள் கொடுப்பார்கள். காய்ச்சல் விட்டதும் பிரைமாகுயினைப் பாதியில் நிறுத்துபவர்கள் ஏராளம். கல்லீரலில் பதுங்கிய கிருமி சில வாரமோ சில மாதமோ கழித்து மறுபடி எழும், மறுபடி கொசுவுக்கும் கிடைக்கும். பரப்புவது கொசு என்று அழுத்தந்திருத்தமாகச் சொல்லிவைத்தால், மீதி மாத்திரையை ஏன் விழுங்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

மராத்தி அறிவிப்புகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. மலேரியாவை ‘ஹிவ்தாப்’ என்கிறார்கள், குளிர்காய்ச்சல் என்று பொருள், நல்ல சொல். ஆனால் பொதுத் தலைப்பு ‘கீடக்ஜன்ய’, பூச்சியில் பிறந்தது. அதை அப்படியே பெயர்த்து ‘கொசுவால் உண்டாகும் நோய்’ என்று தமிழில் போட்டுவிடுகிறார்கள். கொசு எதையும் உண்டாக்கவில்லை. உண்டாக்குவது பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணி.

மலேரியா என்ற பெயரே இத்தாலியில் ‘கெட்ட காற்று’ என்ற தப்பான எண்ணத்தில் பிறந்தது. விட்டுவிட்டு வருவதால் முறைக்காய்ச்சல் என்று நம்மவர் சொன்னதில் அந்தப் பிழை இல்லை. அந்தக் கெட்ட காற்று நினைப்பு இன்னும் போகவில்லை. மலேரியா என்றதும் எல்லோரும் சாக்கடையைத்தான் பார்க்கிறார்கள். மும்பையின் முக்கிய மலேரியாக் கொசு அனாஃபிலிஸ் ஸ்டெஃபென்சி, நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. 1911-இல் மருத்துவர் பென்ட்லி தன் மலேரியா அறிக்கையில் பம்பாயின் கிணறுகளைக் காட்டினார். இன்று மொட்டைமாடித் தொட்டியும், மூடாத டிரம்மும், புதுத் தளத்தில் பாத்தி கட்டித் தேக்கிய தண்ணீரும். டிரம்மில் டார்ச் அடித்துப் பாருங்கள்: தலைகீழாகச் சாய்ந்து தொங்கும் புழு சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் போன்ற வேறு வகை. தண்ணீர் மட்டத்தோடு மட்டமாக, துரும்பு மாதிரிப் படுத்திருப்பது அனாஃபிலிஸ்.

சரி, எது சொல்? தமிழ்நாட்டில் ‘நோய்க்கடத்தி’ புழங்குகிறது. பரப்பியைவிட மேல். ஆனால் மின்கடத்தியில் பழகிய காதுக்கு, செம்புக்கம்பி போல ஒருபக்கம் வாங்கி மறுபக்கம் உடனே விடும் பொருளாகத் தோன்றும். இடையில் பத்து நாள் சுமப்பது அதில் இல்லை.

இலங்கைத் தமிழர் நுளம்பை, அதாவது கொசுவை, ‘நோய்க்காவி’ என்கிறார்கள். காவுதல் என்றால் தோளில் எடுத்துச் சுமத்தல். காவடியில் இருப்பதும் அந்தக் ‘கா’தான். புறநானூற்றில் ஔவையார் ‘காவினெம் கலனே’ என்று யாழ் முதலிய கலங்களைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார். ஓரிடத்தில் எடுப்பது, வழிநெடுகச் சுமப்பது, வேறிடத்தில் சேர்ப்பது மூன்றும் இதில் அடங்கும். இலத்தீன் வேரும் இதையேதான் சொல்கிறது. கிருமி கொசுவுக்குள் வளர்வதை இது சொல்லவில்லையே என்று ஒரு நண்பர் மறுத்தார். உண்மை, வெக்டர் மட்டும் சொல்கிறதா?

காவி நிறத்தோடும் கட்சியோடும் குழம்பும் என்பது இன்னொரு மறுப்பு. அது நியாயமானது. ஆகவே ‘காவிக் கட்டுப்பாடு’ என்று ஒருபோதும் சுருக்கக் கூடாது. ‘நோய்க்காவிக் கட்டுப்பாடு’ என்று முழுதாக எழுத வேண்டும்.

பாடநூலுக்கும் அறிக்கைக்கும் இந்தச் சொல் போதும். துண்டறிக்கைக்குக் கலைச்சொல்லே வேண்டாம். மொழிபெயர்ப்பாளர்கள் மூலத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சொல் வைத்தாக வேண்டும் என்று நினைப்பதை விட வேண்டும். தலைப்பில் இப்படிப் போடுங்கள்: ‘மலேரியா வந்தவரைக் கொசு கடிக்கவிடாதீர்கள். அந்தக் கொசு அடுத்து உங்களைக் கடிக்கும்.’