அப்ரண்டிஸ் ஆய்வு வருகிறதா? பயிற்சி கொடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை

கோவை ஃபவுண்டரிகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் அப்ரண்டிஸ்களுக்கு வேலை பழக்குபவர் பெரும்பாலும் மேஸ்திரியோ சூப்பர்வைசரோதான். உற்பத்திக் கணக்கும் அவர் தலையில்தான். அரசு அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள் என்றதும், அப்ரண்டிஸ் தினமும் என்ன பழகினான் என்று பதிவு செய்யும் டைரிகளை ஆபீசிலிருந்து ஒரு கட்டாக நீட்டி, "கையெழுத்துப் போட்டுக் குடுங்கண்ணா" என்பார்கள். போடாதீர்கள். நாளைக்குக் கேள்வி வந்தால், டைரியை நீட்டியவர் பக்கத்தில் நிற்க மாட்டார். இப்படி மாட்டிக்கொண்ட நல்ல தொழில்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்ரண்டிஸ் சட்டம் 1961-இல் வந்தது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து மொத்தத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் வைத்தாக வேண்டும். உள்ளே வந்து பார்க்கவும் பதிவேடு கேட்கவும் அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. இவ்வளவு தெரிந்தால் போதும்.

உங்களிடம் பழகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசின் அப்ரண்டிஸ் இணையதளத்தில் பதிவான ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்தம் இல்லாமல் அப்ரண்டிஸ் என்று கூப்பிட்டால் மட்டும் யாரும் அப்ரண்டிஸ் ஆகிவிட மாட்டார்கள். குறைந்த கூலிக்கு வேலை பார்க்கும் ஹெல்பர்தான். கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நம் பக்கத்து நூற்பாலைகளில் பெண் பிள்ளைகளை வருஷக்கணக்கில் அப்ரண்டிஸ் என்றே வைத்திருந்ததை மறந்துவிட வேண்டாம்.

அடுத்தது டைரி. முழுக்க மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆறு மாசப் பக்கமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லா நாளும் "டர்னிங் பழகினான்", அதாவது லேத்தில் கடைசல் வேலை. தீபாவளி அன்றைக்கும் டர்னிங். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய திறமை வேண்டியதில்லை. அன்றன்றைக்கு இரண்டு வரி எழுதுங்கள்: எந்த மெஷின், என்ன ஜாப், அளவு எடுத்ததில் எங்கே தவறினான், நீங்கள் எதைத் திருத்தினீர்கள். "25 மி.மீ. ஷாஃப்ட், மைக்ரோமீட்டரில் 0.1 கூடுதல், டூல் மாற்றிக் காட்டினேன்" என்று இருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. பையனைக் கூப்பிட்டு வெர்னியரைக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னால் அவன் அளக்க வேண்டும். ஒரு வருஷமாகப் பர் (இரும்பு விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு) தேய்க்கவும் டீ வாங்கவும் மட்டும் அனுப்பியிருந்தால் எந்த டைரியும் காப்பாற்றாது.

ஷிப்மென்ட் நெருக்கத்தில் அப்ரண்டிஸ்களையும் ஓவர்டைமுக்கு நிறுத்துவார்கள். அப்ரண்டிஸ் ஆலோசகரின் (இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரி) அனுமதி இல்லாமல் அது கூடாது. வகுப்புக்குப் போகும் நேரமும் சம்பள நேரம்தான், அதைக் கழிக்கக் கூடாது.

உதவித்தொகை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வர வேண்டும். அரசின் ஊக்குவிப்புத் திட்டத்தில் இருந்தால், உதவித்தொகையில் 25 சதவீதம், மாதம் அதிகபட்சம் 1,500 ரூபாய், நேராகப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்கு வரும். வராவிட்டால் அலைச்சல்தான். அலுவலகத்தில் "பேங்க்குல கேளுங்க" என்பார்கள், பேங்க்கில் "ஆதார் இணைச்சாச்சே" என்பார்கள். கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுப்பது வேறு, மானியம் வந்து விழும் கணக்காக அதைப் பதிவு செய்வது வேறு. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்து, எந்த பேங்க் பெயர் வருகிறது என்று பிரின்ட் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

கை நசுங்கிவிட்டால், "அப்ரண்டிஸுக்கு இஎஸ்ஐ இல்லை, ஒன்றும் தர முடியாது" என்று சொல்லி அனுப்புவார்கள். ஒன்றும் தர முடியாது என்பது பொய். பயிற்சியின்போது காயம்பட்டால் நஷ்டஈடு தரும் பொறுப்பு முதலாளிக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. அன்றைக்கே விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

புகார் என்றால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம். ஆனால் நான்கு மாநிலங்களுக்குக் குறையாமல் தொழில் நடத்தும் நிறுவனம் மத்திய அரசின் கீழ் வரும். அதற்கு மாவட்ட அலுவலகத்தில் காத்திருந்து பயனில்லை, கிண்டியில் உள்ள மத்திய திறன் மேம்பாட்டுத் துறையின் மண்டல இயக்குநரகத்துக்கு எழுத வேண்டும். இதைக் கவுன்ட்டரில் முதல் நாளே யாரும் சொல்லித்தர மாட்டார்கள். எங்கே கொடுத்தாலும் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "வச்சுட்டுப் போங்க, பார்க்கிறோம்" என்றால் வைத்துவிட்டு வராதீர்கள். அதே மனுவை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.